ஒரே வளர்ச்சி வீதம், வெவ்வேறு காரணங்கள்: ஆப்பிரிக்க நாடுகளின் மக்கள்தொகை குறித்து கடலூரில் நடந்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்குக் காரணமான கேள்வி

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 9,74,345ஆக இருந்த புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 2011இல் 12,47,953ஆக உயர்ந்தது. பத்தாண்டு வளர்ச்சி 28.08 விழுக்காடு, கூட்டு வளர்ச்சியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு வருகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி, அதே பத்தாண்டில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் சேர்ந்து வளர்ந்த வேகமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு வார இறுதியில் நான் புவியியல் பாடம் நடத்திவருகிறேன். கண்டங்களின் மக்கள்தொகைப் பாடத்தின்போது இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதியபோது, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வரும் ஒரு மாணவர் எழுந்து, "சார், நம் பக்கத்து ஊரும் ஆப்பிரிக்காவும் ஒரே வேகத்தில்தானே வளர்ந்திருக்கின்றன? பிறகு ஆப்பிரிக்காவைப் பற்றி மட்டும் ஏன் மக்கள்தொகை வெடிப்பு என்று எழுதுகிறார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லி அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களை வாசிப்பதில் நம்மிடையே உள்ள பெரிய குறைபாட்டை அது நேராகத் தொட்டதால், அதையே ஒரு தனி ஆய்வாக எடுத்துக்கொள்ள வகுப்பு முடிவு செய்தது. ஆப்பிரிக்காவின் 54 நாடுகளையும் மக்கள்தொகை, ஆண்டு வளர்ச்சி, மொத்தக் கருவள விகிதம், கடைசியாகக் கணக்கெடுப்பு நடந்த ஆண்டு என்னும் நான்கு பத்திகளில் அட்டவணைப்படுத்தினோம். மொத்தக் கருவள விகிதம் என்பது, இன்றைய பிறப்புப் போக்கு மாறாமல் நீடித்தால் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை. அந்த அட்டவணையிலிருந்து நாங்கள் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் புதுச்சேரி

அறிந்த ஊரின் கணக்கைப் பிரித்துப் பார்க்காமல் அறியாத கண்டத்தின் கணக்கைப் பிரிக்க முடியாது என்பதால் புதுச்சேரியிலிருந்தே தொடங்கினோம். ஓரிடத்தின் மக்கள்தொகை பிறப்பாலும் வருகையாலும் கூடுகிறது. இறப்பாலும் வெளியேற்றத்தாலும் குறைகிறது. 2001க்கும் 2011க்கும் இடையில் புதுச்சேரியின் பிறப்பு விகிதம் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 16 முதல் 18 வரை, இறப்பு விகிதம் 7ஐ ஒட்டி என இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறை காட்டுகிறது. ஆக, இயல்பான பெருக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டுமே. பத்தாண்டில் கூடிய 2,73,608 பேரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்தான் இந்தப் பெருக்கத்தால் வந்திருக்க முடியும் என்றால், மீதமுள்ள ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியிலிருந்து குடியேறியவர்கள் என்றே கொள்ள வேண்டும். மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளுக்கு வேலை தேடி வந்தவர்கள், கல்லூரிகளுக்காக வந்து தங்கிவிட்டவர்கள், கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து நகரத்தின் விளிம்பில் மனை வாங்கிக் குடிபெயர்ந்தவர்கள் எனப் பல தரப்பினர் இதில் அடங்குவர்.

இதே பத்தாண்டில் கடலூர் மாவட்டம் 22,85,395இலிருந்து 26,05,914ஆக, அதாவது ஆண்டுக்கு 1.3 விழுக்காடு மட்டுமே வளர்ந்தது. அருகருகே உள்ள இரண்டு பகுதிகள். ஒரே மொழி, ஏறத்தாழ ஒரே குடும்ப அளவு. ஆனால் வளர்ச்சி வீதத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபாடு.

புதுச்சேரிக்குள்ளேயே சென்று பார்த்தபோது வேறுபாடு இன்னும் விரிந்தது. புதுச்சேரி மாவட்டம் 29.23 விழுக்காடு, காரைக்கால் 17.23, மாஹே 13.54, ஏனாம் 77.19 என நான்கு துண்டுகளும் நான்கு விதமாக வளர்ந்திருந்தன. ஆந்திரத்தின் கோதாவரிப் பகுதியால் சூழப்பட்ட ஏனாம் 31,394இலிருந்து 55,626ஆக உயர்ந்த அதே பத்தாண்டில், கேரளக் கரையிலிருக்கும் மாஹே 36,828இலிருந்து 41,816ஐ மட்டுமே எட்டியது. 28.08 என்னும் சராசரி இவற்றுள் எதனுடைய உண்மையும் அன்று. புதுச்சேரி மாவட்டம் அளவில் பெரியது என்பதால் அதன் பக்கம் சாய்ந்த ஓர் எண் மட்டுமே. 12 லட்சம் பேர் வாழும் ஒரு சிறு நிலப்பரப்பின் சராசரியே இப்படியென்றால், 150 கோடிப் பேர் வாழும் ஒரு கண்டத்தின் சராசரி எவ்வளவை மறைக்கும் என்பதை மாணவர்கள் தாங்களாகவே கேட்கத் தொடங்கிய இடம் இதுதான்.

வீராணம் ஏரியின் மட்டம் ஓரடி உயர்ந்தது என்று மட்டும் ஒருவர் சொன்னால், கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்ததா, ஏரியைச் சுற்றி மழை கொட்டியதா, அல்லது சென்னைக்கு அனுப்பும் நீரைக் குறைத்தார்களா என்பது அந்த ஓரடியைப் பார்த்துத் தெரியாது. அடுத்த வாரம் மட்டம் என்னவாகும் என்று சொல்ல வேண்டுமானால் இந்த மூன்றையும் தனித்தனியே அறிந்தாக வேண்டும். வகுப்பின் எல்லா விவாதங்களுக்கும் இந்த எடுத்துக்காட்டே போதுமானதாக இருந்தது.

எங்கே பிறந்தோம், எங்கே வாழ்கிறோம்

2011 கணக்கெடுப்பில் கணக்கெடுப்பாளராகப் பணியாற்றிய பள்ளி ஆசிரியை ஒருவரை வகுப்புக்கு அழைத்திருந்தோம். பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகச் சென்றதையும், வீடற்றவர்களை 28ஆம் தேதி இரவில் தேடிச் சென்று பதிந்ததையும், மார்ச் 1 நள்ளிரவு என்னும் ஒற்றைக் கணத்தை அடிப்படையாக வைத்து மார்ச் 5 வரை மறுசுற்றில் பிறப்பு இறப்புகளைச் சேர்த்தும் நீக்கியும் எண்ணிக்கையைச் சரிசெய்ததையும் அவர் விரிவாக விளக்கினார். ஒரு மாணவி, "அக்கா, புதுச்சேரியில் பிறப்புப் பதிவு இவ்வளவு அதிகமாக இருக்கிறதே, அதை வைத்துக் கணக்கிட்டால் குழந்தைப் பிறப்பே அங்கு அதிகம் என்றுதானே தெரிகிறது?" என்று கேட்டார். அதற்கு ஆசிரியை, "கடலூர்ப் பெண்களில் எத்தனை பேர் பிரசவத்துக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று உன் தெருவிலேயே கேட்டுப் பாரும்மா. குழந்தையின் பிறப்பு அங்கே பதிவாகும், குழந்தை வளர்வது இங்கே" என்றார்.

இந்தச் சிறு விளக்கம் ஆப்பிரிக்கத் தரவுகளை வாசிக்கப் பெரிதும் உதவியது. பிறப்புப் பதிவேடு நிகழ்ந்த இடத்தைச் சொல்கிறது. கணக்கெடுப்பு வழக்கமாக வாழும் இடத்தைச் சொல்கிறது. மாதிரி ஆய்வுகள் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பெண்களிடம் அவர்களுடைய பிள்ளைப்பேறு வரலாற்றைக் கேட்டு எழுதுகின்றன. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள பல நாடுகளில் குழந்தைகளில் பெரும்பகுதியினருக்குப் பிறப்புப் பதிவே இல்லாததால், அந்நாடுகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு இந்த மாதிரி ஆய்வுகளிலிருந்து கிடைத்தவை.

கண்டத்தின் அளவும் அதன் உள்வேறுபாடும்

1950இல் ஆப்பிரிக்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ 23 கோடி. 2024இல் அது 150 கோடி. 2050இல் 245 கோடியை ஒட்டி இருக்கும் என்பது ஐ.நா.வின் நடுத்தரக் கணிப்பு. இன்றைய ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ 2.3 விழுக்காடு, மொத்தக் கருவள விகிதம் ஏறத்தாழ 4. இந்த வளர்ச்சி கண்டத்துக்குள் வெளியிலிருந்து யாரும் வந்து குடியேறியதால் ஏற்பட்டதன்று. கண்டத்தைவிட்டு வெளியேறுவோரே வருவோரைவிட அதிகம். புதுச்சேரியின் 2.5 விழுக்காட்டில் பெரும்பகுதி வருகை என்றால், ஆப்பிரிக்காவின் 2.5 விழுக்காடு முழுவதும் பிறப்புக்கும் இறப்புக்கும் இடையிலான இடைவெளி. மாணவரின் கேள்விக்கான முதல் விடை இதுவே. வேலை தேடி வந்தவர்களால் வளரும் ஊரில் உழைக்கும் வயதினரின் பங்கு உயர்கிறது. பிறப்பால் வளரும் நாட்டில் பள்ளி வயதுக் குழந்தைகளின் பங்கு உயர்கிறது. முன்னதற்கு வீடும் குடிநீரும் பேருந்தும் உடனே வேண்டும். பின்னதற்கு முதலில் தடுப்பூசியும் வகுப்பறையும், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து வேலையும் வேண்டும்.

அட்டவணையை அளவின்படி வரிசைப்படுத்தியபோது நைஜீரியா ஏறத்தாழ 23 கோடி, எத்தியோப்பியா 13 கோடி, எகிப்து 11.5 கோடிக்கு மேல், காங்கோ ஜனநாயகக் குடியரசு 11 கோடியை ஒட்டி, தான்சானியா 7 கோடியை நெருங்கி என ஐந்து நாடுகளே கண்டத்தின் மக்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரைக் கொண்டிருந்தன. பெரிய நாடே வேகமாக வளரும் என்ற எதிர்பார்ப்பு வகுப்பில் பலரிடம் இருந்தது. அது பொருந்தவில்லை. எகிப்தின் ஆண்டு வளர்ச்சி 1.7 விழுக்காட்டை ஒட்டியது. காங்கோவின் வளர்ச்சி 3 விழுக்காட்டுக்கு மேல். எழுபதை வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்புக் காலம் கிடைக்கும் என்ற எளிய வாய்ப்பாட்டின்படி எகிப்து இரட்டிப்பாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். காங்கோவுக்கு இருபது ஆண்டுகளைச் சற்றே தாண்டிய காலம் போதும். இந்த வாய்ப்பாடு வளர்ச்சி வீதம் மாறாது என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது என்பதையும், எந்த நாட்டிலும் அது மாறாமல் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இதை யாரும் கற்பிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மறுமுனையில் மொராக்கோவும் துனீசியாவும் உள்ளன. 2024 கணக்கெடுப்பின்படி மொராக்கோவில் 3.68 கோடிப் பேர். அங்கு கருவள விகிதம் 2க்கும் கீழே இறங்கிவிட்டது. துனீசியாவில் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர். ஆண்டு வளர்ச்சி ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. விடுதலை பெற்ற 1956ஆம் ஆண்டிலேயே பலதார மணத்தைத் தடைசெய்து பெண்களின் திருமண உரிமைகளைச் சட்டமாக்கியதும், 1960களிலேயே குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கியதும் துனீசியாவின் போக்கைப் பிற நாடுகளிலிருந்து பிரித்தன. அதன் அண்டை நாடான அல்ஜீரியாவில் 2000ஐ ஒட்டி 2.4 அளவுக்கு இறங்கிய கருவள விகிதம் பிறகு ஏறி 3ஐத் தொட்டது; எகிப்திலும் 2008இல் 3.0ஆக இருந்தது 2014இல் 3.5ஆக உயர்ந்து, 2021இல் 2.85ஆக இறங்கியது. இறங்கத் தொடங்கிய எண் இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்று பாடநூல் வரைபடங்களில் காணும் வழவழப்பான வளைகோட்டை இவ்விரு நாடுகளும் பின்பற்றவில்லை.

எத்தியோப்பியா இந்த வேறுபாட்டை ஒரே நாட்டின் எல்லைக்குள் காட்டுகிறது. 2016 ஆய்வில் நாட்டின் சராசரி 4.6, தலைநகர் அடிஸ் அபாபாவில் 1.8, சோமாலி மாநிலத்தில் 7.2. மாஹேயையும் ஏனாமையும் பார்த்துப் பழகிய மாணவர்களுக்கு இது வியப்பளிக்கவில்லை.

எண்ணிக்கையின் நம்பகத்தன்மை

அட்டவணையின் நான்காம் பத்தியில், கடைசிக் கணக்கெடுப்பு ஆண்டு என்ற தலைப்பின் கீழ் காங்கோவுக்கு நேரே 1984 என்று எழுத வேண்டியிருந்தது. அப்போது எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 3 கோடி. இன்று நாம் சொல்லும் 11 கோடி என்பது அந்தத் தொடக்கத்தின் மீது மாதிரி ஆய்வுகளின் பிறப்பு இறப்பு விகிதங்களைச் சேர்த்துக் கட்டிய மதிப்பீடு. எரித்திரியா 1993இல் விடுதலை பெற்றதற்குப் பிறகு கணக்கெடுப்பு நடத்தவே இல்லை. அதன் மக்கள்தொகை 50 லட்சம் என்று எழுதிவந்த ஐ.நா., 2019 வெளியீட்டில் அதை 35 லட்சத்தை ஒட்டித் திருத்தியது. எத்தியோப்பியாவின் கடைசிக் கணக்கெடுப்பு 2007இல் நடந்தது.

நைஜீரியாவின் வரலாறு தனியாகப் படிக்கத்தக்கது. 1962 கணக்கெடுப்பு கைவிடப்பட்டு, 1963இல் மீண்டும் எடுக்கப்பட்டு ஏறத்தாழ 5.6 கோடி என்று அறிவிக்கப்பட்டது. 1973 கணக்கெடுப்பின் முடிவுகள் ரத்துசெய்யப்பட்டன. 1991இல் ஏறத்தாழ 8.9 கோடி என்று வந்தபோது, 11 கோடிக்கு மேல் என்று அதுவரை மதிப்பிட்டுவந்த உலக நிறுவனங்கள் தங்கள் கணக்குகளைத் திருத்த நேர்ந்தது. 2006இல் 14.04 கோடி. 2023இல் திட்டமிடப்பட்ட அடுத்த கணக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது. இதற்குக் காரணம் எண்ணும் திறமையின்மை மட்டும் அன்று. மாநிலங்களுக்கான நிதிப்பங்கீடும் நாடாளுமன்றப் பிரதிநிதித்துவமும் தலைக்கணக்கைச் சார்ந்திருக்கும் நாட்டில், வடக்கும் தெற்கும் ஒன்றின் எண்ணிக்கையை மற்றது நம்புவதில்லை. இதைப் படிக்கும்போது தமிழ்நாட்டு மாணவர்கள் நம் சூழலை நினைக்காமல் இருக்க முடியாது: மக்களவைத் தொகுதிகளின் மாநில வாரியான பங்கீடு 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் உறையவைக்கப்பட்டிருப்பதும், அந்த உறைநிலை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்போடு முடிய வேண்டும் என்பதும் பிறப்பைக் குறைத்த மாநிலங்களுக்குக் கவலை தரும் செய்தி. நமக்கும் 2011க்குப் பிறகு கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கான அடிப்படைக் கணம் 2027 மார்ச் 1. ஆகவே ஆப்பிரிக்காவின் பழைய கணக்குகளைக் குறைத்துப் பேசும் உரிமை நமக்கு இல்லை.

தென்னாப்பிரிக்கா தன் குறையை வெளிப்படையாகச் சொன்னது பாராட்டத்தக்கது. 2022 கணக்கெடுப்பில் 6.2 கோடி என்று அறிவித்த அதே வேளையில், பிந்தைய சரிபார்ப்பு ஆய்வின்படி ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் முதலில் விடுபட்டிருந்தனர் என்பதையும், அதற்கேற்ப எண்ணிக்கை உயர்த்தித் தரப்பட்டது என்பதையும் அந்நாட்டின் புள்ளியியல் துறை வெளியிட்டது. ருவாண்டா 1.32 கோடி, தான்சானியா 6.17 கோடி என அதே 2022இல் புதிய கணக்கெடுப்பை முடித்த நாடுகளும் உண்டு; அவற்றின் எண்களை நாங்கள் தயக்கமின்றிப் பயன்படுத்தினோம்.

நைஜர்: பிறப்பு குறையாததன் காரணம்

வளர்ச்சி வீதத்தின்படி அட்டவணையின் உச்சியை ஒட்டி நின்ற நைஜரைப் பற்றித்தான் வகுப்பில் மிகுதியாகப் பேசினோம். 2012 கணக்கெடுப்பில் அங்கு 1.71 கோடிப் பேர். 2001க்கும் 2012க்கும் இடையில் ஆண்டு வளர்ச்சி 3.9 விழுக்காடு. அதே 2012இன் மாதிரி ஆய்வில் கருவள விகிதம் 7.6. இப்போது அது 6ஐ ஒட்டி இறங்கியிருப்பதாக ஐ.நா. மதிப்பிடுகிறது; மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். நாட்டின் பரப்பு 12.67 லட்சம் சதுர கிலோமீட்டர். காகிதத்தில் பார்த்தால் மக்கள் நெருக்கம் கடலூர் மாவட்டத்தின் நெருக்கத்தில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. ஆனால் நிலத்தின் பெரும்பகுதி சஹாரா. மக்கள் தெற்கு எல்லையை ஒட்டிய மழை பெறும் பட்டையில் நெருங்கி வாழ்கிறார்கள்.

"இவ்வளவு வறுமையில் ஏன் இத்தனை பிள்ளைகள்?" என்ற கேள்வி எழாமல் இல்லை. அதற்கு விடை தேடும்போது, அங்குள்ள பெற்றோரைப் புரிந்துகொள்ளும் அக்கறை நமக்கு முதலில் இருக்க வேண்டும். 1990இல் நைஜரில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதை எட்டுவதற்கு முன் இறந்தனர். நம் பாட்டிமார் பெற்றது பத்து, தங்கியது ஐந்து என்று சொன்ன காலத்தின் நிலை அது. இன்று அந்த இறப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அது மாபெரும் சாதனை. இறப்பு விரைவாகக் குறைகிறது. பிறப்பு மெதுவாகவே குறைகிறது. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை ஒரு தலைமுறை அனுபவத்துக்குப் பிறகே குடும்பங்களில் வேர்கொள்ளும் என்பதால் இந்த இடைவெளி தவிர்க்க முடியாதது. வளர்ச்சி வீதம் உச்சத்தில் இருப்பதும் இந்த இடைவெளியில்தான்.

ஆனால் நைஜரின் கதை அதோடு முடியவில்லை. பெண்களில் நான்கில் மூன்று பங்கினர் பதினெட்டு வயதுக்குள் திருமணம் செய்துகொடுக்கப்பட்டனர். ஆய்வாளர்கள் எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டபோது பெண்கள் சொன்ன சராசரி ஒன்பதுக்கு மேல். ஆண்கள் அதைவிடவும் அதிகமாகச் சொன்னார்கள். கருத்தடைச் சாதனங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மட்டும் இந்த நிலை மாறாது என்பதை உணர்ந்து, 2007இல் ஜிந்தர் பகுதியில் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் துணையோடு கணவர்களுக்கான பள்ளிகள் தொடங்கப்பட்டன. மனைவியைப் பேறுகாலப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதையும் மருத்துவமனைப் பிரசவத்தையும் ஊர் ஆண்களே தங்களுக்குள் பேசி ஊக்கப்படுத்தும் ஏற்பாடு அது. பெண் குழந்தையை இடைநிலைப் பள்ளிவரை படிக்கவைப்பதைவிட வலிமையான வழி வேறில்லை என்று நான் நம்புகிறேன். அதற்கான சான்று நம் வீடுகளிலேயே இருக்கிறது.

கென்யாவும் தமிழ்நாடும்

ஆப்பிரிக்காவின் இன்றைய கருவள விகிதமான 4 என்பது நாம் அறியாத எண் அன்று. 1971இல் தமிழ்நாட்டின் விகிதம் 3.9. அது 2000ஐ ஒட்டி 2.1க்கு இறங்கியது, 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8; புதுச்சேரியில் 1.5. இதற்கிடையில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 1971இன் 4.12 கோடியிலிருந்து 2011இல் 7.21 கோடியானது. குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகள் என்ற நிலையை எட்டிய பிறகும் மாநிலம் வளர்ந்துகொண்டே இருந்ததற்குக் காரணம், பெரிய குடும்பங்களில் பிறந்த பெண்கள் பெரும் எண்ணிக்கையில் தாயாகும் வயதை எட்டியதுதான். தாய்மார்களின் எண்ணிக்கை பெருகியிருக்கும்போது ஒவ்வொருவரும் குறைவாகப் பெற்றாலும் மொத்தப் பிறப்பு உடனே குறையாது. ஆப்பிரிக்காவின் 2050 கணிப்பில் பெரும்பகுதி ஏற்கனவே பிறந்துவிட்ட சிறுமியரால் தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பதை விளக்க இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

கென்யா அந்தப் பாதையில் சற்று முன்னால் செல்கிறது. 1970களின் இறுதியில் அங்கு கருவள விகிதம் 8.1, அன்றைய உலகின் மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. 1998இல் 4.7ஆக இறங்கியது 2003இல் 4.9 என்று நின்றுவிட்டது, 2014இல் 3.9, 2022இல் 3.4. தமிழ்நாடு 3.9இலிருந்து 2.1க்கு வர முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை நினைத்துப் பார்த்தால், 8இலிருந்து 3.4க்கு நாற்பத்தைந்து ஆண்டுகளில் வந்த கென்யாவை மெதுவாக மாறிய நாடு என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் வகுப்பின் குறிப்பேட்டில் வெடிப்பு என்ற சொல்லை நீக்கிவிட்டு வளர்ச்சி என்று எழுதச் சொன்னது இதைப் பார்த்த பிறகுதான்.

இடப்பெயர்வால் வளரும் இடங்கள்

புதுச்சேரியைப் போல வருகையால் வளரும் இடங்கள் ஆப்பிரிக்காவிலும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் நாடுகளுக்குள் உள்ள மாநிலங்கள். ஜோஹானஸ்பர்க்கையும் பிரிட்டோரியாவையும் கொண்ட கௌதெங் மாகாணம் தென்னாப்பிரிக்காவின் பரப்பில் மிகச் சிறியது. மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர், 1.5 கோடிப் பேர், அங்கே வாழ்கிறார்கள். லிம்போபோவிலிருந்தும் கிழக்குக் கேப்பிலிருந்தும் மட்டுமல்லாமல் சிம்பாப்வே, மொசாம்பிக், லெசோத்தோ நாடுகளிலிருந்தும் மக்கள் அங்கு வருகிறார்கள். நாட்டின் கருவள விகிதம் 2.3ஐ ஒட்டியே இருக்கிறது.

போரால் நகர்பவர்களின் கணக்கு வேறு. 2023 ஏப்ரலில் சூடானில் மூண்ட போர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை வீட்டைவிட்டு வெளியேற்றியது. அவர்களில் பல லட்சம் பேர் சாடுக்கும் எகிப்துக்கும் தென்சூடானுக்கும் எல்லை கடந்து சென்றனர். சாடு நாட்டின் அண்மை வளர்ச்சி வீதத்தை அங்குள்ள தாய்மார்களின் பிள்ளைப்பேற்றோடு மட்டும் தொடர்புபடுத்தி எழுதுவது அகதிகளுக்கும் அந்நாட்டுக்கும் செய்யும் அநீதி.

மொரீசியஸ்

எங்கள் கரையோடு மிக நெருங்கிய தொடர்புடைய ஆப்பிரிக்க நாட்டைக் கடைசியாக எடுத்துக்கொண்டோம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் சென்று குடியேறிய தீவு அது. 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் அனுப்பப்பட்டனர். தைப்பூசக் காவடி அங்கு அரசு விடுமுறை நாள். பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 12.5 லட்சம், அதாவது 2011இன் புதுச்சேரிக்கு நிகர். பரப்பு கடலூர் மாவட்டத்தில் பாதியைச் சற்றே தாண்டும். ஆப்பிரிக்க நாடுகளில் மக்கள் நெருக்கம் மிகுந்தது இதுவே.

1940களின் இறுதியில் தொடங்கிய மலேரியா ஒழிப்பு இயக்கம் இறப்பை வேகமாகக் குறைத்தது. 1952இல் ஏறத்தாழ 5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1962இல் 6.8 லட்சமானது; ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வளர்ச்சி, இன்றைய காங்கோவின் வேகம். பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் 1961இல் இந்தத் தீவை ஆராய்ந்து, இவ்வளவு பேருக்கும் வேலை கொடுத்து வாழ்க்கைத் தரத்தையும் காப்பது மிகக் கடினம் என்று இருண்ட எதிர்காலத்தையே கணித்தார். நடந்தது வேறு. 1960களின் தொடக்கத்தில் 6ஐ ஒட்டியிருந்த கருவள விகிதம் 1970களின் நடுவிலேயே ஏறத்தாழப் பாதியானது. குடும்பநலச் சங்கம் நவீன முறைகளையும், கத்தோலிக்க அமைப்பு தன் சமயத்துக்கு உடன்பட்ட இயற்கை முறைகளையும் ஒரே காலத்தில் கற்பித்ததும், பெண்களின் திருமண வயது உயர்ந்ததும் அதற்கு வழிவகுத்தன. 1970இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலத்தின் ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்கள் கூலி பெறத் தொடங்கியதும், 1977 முதல் இடைநிலைக் கல்வி இலவசமானதும் அந்தப் போக்கை நிலைநிறுத்தின. எந்தக் கட்டாயமும் இல்லாமல் இது நடந்தது என்பதை நான் வகுப்பில் இரண்டு முறை அழுத்திச் சொன்னேன்.

இன்று அந்தத் தீவின் கருவள விகிதம் 1.5க்கும் கீழே. பிறப்பும் இறப்பும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன. மக்களின் நடு வயது, அதாவது பாதிப்பேர் அதற்குக் கீழும் பாதிப்பேர் அதற்கு மேலும் இருக்கும் வயது, 37ஐத் தாண்டிவிட்டது, நைஜரில் அது 15ஐ ஒட்டியது. ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அடிப்படை முதியோர் ஓய்வூதியம் பெறும் வயதை 60இலிருந்து 65க்குப் படிப்படியாக உயர்த்தும் முடிவை 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில் அரசு அறிவித்தபோது அங்கு பெரும் எதிர்ப்பு எழுந்தது. புதுச்சேரியின் விகிதமும் 1.5 என்பதால், அடுத்த கட்டமாக மொரீசியசின் வயதுப் பட்டியலையும் புதுச்சேரியின் வயதுப் பட்டியலையும் ஐந்தாண்டு இடைவெளிகளில் ஒப்பிட்டு, இருபது ஆண்டுகளில் அறுபதைக் கடந்தவர்களின் பங்கு இரண்டு இடங்களிலும் எவ்வளவாகும் என்று கணக்கிடும் பணியை மாணவர்கள் எடுத்துக்கொண்டுள்ளனர். புதுச்சேரிக்கான கணக்கில் குடிவருவோரை எந்த வயதில் எத்தனை பேர் என்று சேர்ப்பது என்பதே அதில் கடினமான பகுதி. அதற்கு 2011 கணக்கெடுப்பின் இடப்பெயர்வு அட்டவணைகளை இப்போது பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறோம்.